ராசாவுக்கு மூன்று புள்ளி

ஸ்வீடனுக்கு இறைச்சி வாங்கப் போகாத ஒரே தமிழர் அவராகத்தான் இருக்கவேண்டும். ஒஸ்லோவின் குரோருட்டில் எங்கள் மாடிக் குடியிருப்பில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் மாதத்தில் ஒரு சனிக்கிழமை காரை எடுத்துக்கொண்டு எல்லையைத் தாண்டுவோம். அங்கே எல்லாம் மலிவு. கோழியும் ஆடுமாக வாங்கி அடைத்து, காரின் பின்பக்கம் தாழத் தாழத் திரும்பி வருவோம். அவர் மட்டும் வரமாட்டார். ஏன் என்று கேட்டால் சொல்லுவார்.

“சண்டையிலை தோத்த டென்மார்க், நோர்வேயைத் தூக்கி ஸ்வீடனிட்டைக் குடுத்தது. ஸ்வீடனும் வாங்கிப் பொக்கற்றுக்குள்ளை வைச்சது. இஞ்சை இருந்த சனத்தை ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்கேல்லை. அப்பிடிப்பட்ட இடத்திலை போய் நான் கோழி வாங்கோணுமோ, தங்கச்சி?”

“அண்ணை, அது நடந்து இருநூறு வருசம்.”

“கோழிக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும்.”

அவருடைய மனைவியை நாங்கள் அக்கா என்று கூப்பிடுவோம். அக்காவை எங்கள் காரில் ஏற்றிக்கொண்டு போவோம். அக்கா வாங்கி வந்த ஆட்டிறைச்சியை இவர் ஒரு மறுப்பும் சொல்லாமல் சாப்பிடுவார். ஆட்டின்மேல் அவருக்குக் கோபம் இல்லை.

ஸ்வீடனோடு அவருக்கு இருந்தது மனத்தாங்கல்தான். டென்மார்க்கோடு இருந்தது ஜென்மப் பகை. நானூறு வருடம் நோர்வேயை டென்மார்க் ஆண்டது என்பதை ஏதோ தன் காணியின் வேலியை யாரோ இரவோடிரவாகத் தள்ளிப் போட்டதுபோலச் சொல்லுவார். தமிழர் வீடுகளில் எது இல்லாவிட்டாலும் அந்த நீல நிறத் தகர டின் இருக்கும். டென்மார்க் பிஸ்கட் வந்த டின். பிஸ்கட் தீர்ந்த பிறகு அதற்குள் நூலும் ஊசியும் பொத்தானும் குடிவந்துவிடும். பிஸ்கட் இருக்குமென்று நம்பித் திறந்து ஏமாறாத பிள்ளை எங்கள் ஆட்களில் இல்லை. அவர் வீட்டில் அந்த டின் கிடையாது. நத்தார்ப் பண்டிகைக்கு யாராவது கொண்டுவந்தால் வாசலிலேயே நன்றி சொல்லி வாங்கி, அவர்கள் போனதும் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டிக் கொடுத்துவிடுவார். அக்காவின் தையல் சாமான்கள் ஒரு பழைய ஐஸ்கிரீம் பெட்டிக்குள் கிடந்தன.

எங்கள் குடியிருப்பில் வசந்தகாலத்தில் எல்லா வீட்டாரும் சேர்ந்து முற்றம் கூட்டித் துப்புரவாக்கும் நாள் ஒன்று உண்டு. டுக்நாட் என்பார்கள். ஒரு டுக்நாட்டில் மூன்றாம் மாடி நோர்வேஜியக்காரி, தன் தாய் டென்மார்க்கில் பிறந்தவள் என்று பேச்சுவாக்கில் சொன்னாள். அவர் தும்புத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, மிகுந்த அனுதாபத்தோடு அவளைப் பார்த்தார். அவள் சிரித்துவிட்டாள். “எங்களுக்கே அவர்கள்மேல் கோபம் இல்லையே” என்றாள். அவர் என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்: “இவைக்குக் கோவம் இல்லையெண்டால் இவைக்காக ஆராவது கோவிக்கத்தானே வேணும்?”

இந்தப் பகை எங்கே பிடித்தது என்று ஒருமுறை கேட்டேன். பாட்ஸ்பியோர்ட்டில் என்றார். எண்பதுகளில் எங்கள் ஆட்கள் பலர் போய் இறங்கிய வடக்குக் கோடி மீன்பிடி ஊர் அது. அவரும் அங்கே தொழிற்சாலையில் மீன் வெட்டியவர். குளிர்காலம் முழுக்கச் சூரியன் தலைகாட்டாத ஊரில் வேலை முடிந்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை. தங்கியிருந்த அறையில் யாரோ விட்டுப்போன பள்ளிக்கூடச் சரித்திரப் புத்தகம் ஒன்று கிடந்தது. அதை வைத்துத்தான் அவர் நோர்வேஜிய மொழி படித்தார். கரண்டிக்கும் சவர்க்காரத்துக்கும் சொல் தெரியுமுன்னே முற்றுகைக்கும் வாரிசுக்கும் போர்நிறுத்தத்துக்கும் அவருக்குச் சொல் தெரிந்துவிட்டது. ஒஸ்லோவுக்கு வருவதென்று தீர்மானித்து வேலையை விட்டபோது, மேற்பார்வை செய்கிற பெண்ணிடம் போய், “நான் முடி துறக்கிறேன்” என்று அவளுடைய மொழியிலேயே சொன்னாராம். அவளும் சிரிக்காமல் எழுந்து நின்று, இடுப்பை வளைத்து வணங்கிவிட்டு, மீன் வெட்டும் கத்தியைத் திருப்பி வாங்கிக்கொண்டாளாம்.

“நோர்வே தோத்த பக்கங்களை வாசிக்கேக்கை கண்ணாலை தண்ணி வந்தது தங்கச்சி” என்றார். “மற்றவை வகுப்பிலை கூட்டமாய் இருந்து படிச்சுத் தோத்தவை. நான் அந்த அறைக்குள்ளை தனிய இருந்து தோத்தனான்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் மனசுக்குள் என்னவோ செய்தது என்பதும் உண்மை.

ஒஸ்லோவில் அவர் பஸ் ஓட்டினார். சனிக்கிழமை பின்னேரங்களில் எங்கள் கட்டிடத்தின் நிலக்கீழ்ப் பொது அறையில் முந்நூற்றிநாலு விளையாடுவோம். யாழ்ப்பாணத்தாருக்கு அந்தச் சீட்டு விளையாட்டைப் பற்றி விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: நாலு பேர், எதிரெதிரே இருப்பவர்கள் ஒரு கட்சி. இதில் பெரிய சீட்டு ஜாக். முப்பது புள்ளி. அதற்கடுத்தது வெறும் ஒன்பது. இருபது புள்ளி. ராசா என்று கிரீடத்தோடு இருப்பவருக்கு மூன்றே மூன்று. ராணிக்கு இரண்டு. அதிகப் புள்ளிக்குக் கேள்வி கேட்டவர், மற்றச் சீட்டுகளை எல்லாம் வெல்லும் துரும்பு ஒன்றைக் கவிழ்த்து வைப்பார். அவரும் நானும் ஒரு கட்சி. என் கணவரும், சென்னையிலிருந்து கணினி வேலைக்கு வந்து எங்கள் கட்டிடத்தில் குடியிருந்த ஒரு தம்பியும் மற்றக் கட்சி.

“உலகத்திலை சரித்திரத்தைச் சரியாய் விளங்கிக்கொண்டது இந்த விளையாட்டைக் கண்டுபிடிச்ச ஆள்தான்” என்பார். “ராசாவுக்கு மூண்டு. அதுக்கு மேலை குடுக்கப்படாது.” மே பதினேழு, நோர்வேயின் தேசிய நாளில், ஊர்வலம் பார்க்க அரண்மனைக்கு எல்லோரும் போவோம். பிள்ளைகள் கொடியோடு போவதைப் பார்த்து மூக்கை உறிஞ்சுவார். மேல்மாடத்தில் நிற்கும் அரச குடும்பத்துக்கு எங்கள் எல்லோரையும்விட உயரமாகக் கையை ஆட்டுவார். ஆட்டிவிட்டு என் காதுக்குள், “கை காட்டினாலும் மூண்டுதான்” என்பார்.

இன்னொன்று. எந்த ராசாவின் பெயரையும் அவர் வாயால் சொல்லமாட்டார். “பேரைச் சொன்னால் மரியாதை கூடிப்போகும்.” ரஷ்யாவுக்குப் படைகொண்டு போய்ப் பனியில் அழிந்த பிரெஞ்சுச் சக்கரவர்த்தி அவருக்கு ‘அந்தக் கட்டையர்’. “கம்பளி உள்ளுடுப்பு இல்லாமல் ரஷ்யாவுக்கு வெளிக்கிட்டவர். இஞ்சை பாலர் பள்ளிக்குப் போற குழந்தைக்குத் தெரிஞ்ச விசயம் அவருக்குத் தெரியேல்லை.” இந்தியா வரை வந்த கிரேக்க வீரன் ‘தகப்பன் சேர்த்த படையை எடுத்துக்கொண்டு ஊர் சுத்தின பெடியன்’. எங்கள் யாழ்ப்பாணத்தை நூறு வருடத்துக்கு மேல் ஆண்ட ஒல்லாந்தருக்கு ஸ்பேட், கிளப் சீட்டுகளுக்கு நாங்கள் சொல்லும் இஸ்கோப்பன், கிளாவர் என்ற ஒல்லாந்துப் பெயரோடு கணக்குத் தீர்த்துவிடுவார். “இவ்வளவு சனத்தை வருத்தி ஆண்டவன் கடைசியிலை விட்டுட்டுப் போனது என்னெண்டால், நாலு சீட்டுக்குப் பேர்.”

தமிழ் ராசாக்களையும் அவர் விடவில்லை. இதில்தான் சென்னைத் தம்பியோடு முட்டிக்கொண்டது.

“சார், சோழர் கப்பல் கடாரம் வரைக்கும் போயிருக்கு தெரியுமா? ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி நம்மாளுங்க கடல் தாண்டி ஜெயிச்சிருக்காங்க. நினைச்சாலே புல்லரிக்குது.”

“கடாரத்துச் சனம் கூப்பிட்டவையோ?”

“அதெப்படி சார் கூப்பிடுவாங்க? அது படையெடுப்பு!”

“அப்ப எனக்குப் புல்லரிக்கேல்லை. எங்கட தீவையும் உங்கட ஆக்கள் ஒருக்கால் நல்லாய் அடிச்சவைதான். துரும்பைத் திறவுங்கோ.”

தம்பிக்கு முகம் சிவந்துவிட்டது. “உங்களை மட்டும் நார்வேகாரங்க கூப்பிட்டாங்களா சார்?” என்று கேட்டுவிட்டார். என் கணவர் சங்கடத்தோடு என்னைப் பார்த்தார். அவரோ சீட்டை விசிறிபோல விரித்துப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“இல்லைத் தம்பி. கூப்பிடாமல்தான் வந்தனாங்கள். ஆனால் கத்தியோடை வரேல்லை. கத்தி இஞ்சை வந்தாப்பிறகுதான் தந்தவங்கள், மீன் வெட்டச் சொல்லி.”

தம்பியும் சிரித்துவிட்டார். அடுத்த சனிக்கிழமை முறுக்கோடு வந்தார்.

இப்படி உலகத்துச் சண்டை எல்லாம் எங்கள் மேசைக்கு வந்துபோனது. ஒன்றைத் தவிர. எங்கள் சண்டை.

ஒருநாள் என் கணவர் ஏதோ செய்தி பார்த்துவிட்டு வந்து, ஊரில் நடந்ததைப் பற்றிப் பேச்செடுத்தார். எனக்கெதிரே இருந்தவர் தன் கையிலிருந்த சீட்டைக் கவிழ்த்து வைத்தார். “நூறு வருசம் ஆகாத சண்டையை இந்த மேசையிலை வைக்கப்படாது” என்றார். “ஏனெண்டால் அதுக்கு அழுறதுக்கு ஆக்கள் இன்னும் உயிரோடை இருக்கினம்.” சொல்லும்போது அவர் என் பக்கம் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க அவர் எடுத்த பிரயத்தனம் எனக்குத் தெரிந்தது. அந்தச் சண்டையில் போன ஒரு தம்பி எனக்கு இருந்தான் என்பது குரோருட்டில் எல்லோருக்கும் தெரியும். அந்தச் சட்டம் யாருக்காகப் போடப்பட்டது என்பது எனக்கும் விளங்கியது. அன்றிலிருந்து அவர் எனக்குச் சொந்த அண்ணன்தான்.

சட்டத்தை அவர் ஒழுங்காகக் கடைப்பிடித்தார். ஜேர்மன்காரர் நோர்வேயைப் பிடித்து வைத்திருந்த காலத்தைக்கூடத் தொடமாட்டார். மூன்றாம் மாடிக்காரியின் பெரியப்பா அதில் போனவர் என்பார். யாருக்கும் நோகாத சண்டையாகத் தேடிப் பிடித்துத்தான் கோபப்பட்டிருக்கிறார் என்று பிறகு எனக்கு யோசனை வந்தது. மனிதருக்குள் கோபம் என்று ஒன்று இருந்தால் அதை எங்கேயாவது இறக்கி வைக்கத்தானே வேண்டும். செத்து நூற்றாண்டுகளாகிவிட்ட டென்மார்க் ராசாவின் தலையில் இறக்கினால் யாருக்கு என்ன நட்டம்?

நட்டம் அவருடைய மகளுக்கு வந்தது.

ஆரணி அந்த வீட்டின் ஒரே பிள்ளை. அடுத்த ஊரான லோறென்ஸ்கூக்கில் தாதியாக வேலை. தமிழ் இளைஞர்களின் பட்மின்டன் போட்டி ஒன்றில் ஒரு பையனைச் சந்தித்து, இரண்டு வருடம் கழித்துத் தாய் தகப்பனிடம் சொன்னாள். நல்ல பையன், காற்றாலை செய்கிற நிறுவனத்தில் பொறியாளர், தாயும் தகப்பனும் எங்கள் ஊர்ப் பக்கம். எல்லாம் சரி. பையன் பிறந்து வளர்ந்தது டென்மார்க்கில்.

அவர் குறுக்கே நிற்கவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். “பிள்ளைக்கு விருப்பமெண்டால் செய்யட்டும்” என்றார். ஆனால் பையனின் வீட்டார் முறைப்படி இவர்களைத் தங்கள் வீட்டுக்கு வரச் சொல்லி அழைத்தபோது, தொலைபேசியில் மிக மரியாதையாகச் சொன்னார்: “குறை நினைக்காதேங்கோ. மகளும் மனிசியும் வருவினம். நான் உங்கட வீட்டுக்கு வரமாட்டன். கலியாணத்தை இஞ்சை வைச்சுக்கொள்ளுவம்.”

ஏன் என்று அவர்கள் கேட்டதற்கு, “அது ஒரு பழைய விசயம்” என்றார். அவ்வளவுதான். டென்மார்க்கில் கால் வைப்பதில்லை என்பதை எல்லோரும் அறிந்த விசயமாகவே அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

எங்கள் ஆட்களிடம் போய் ஒரு சம்பந்தியின் வீட்டுக்கு வரமாட்டேன் என்று சொன்னால் அதற்கு என்ன அர்த்தம்? வாசல் மிதிக்கமாட்டேன், தண்ணீர் குடிக்கமாட்டேன் என்றால் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். சாதி. கடல் கடந்து பனிக்குள் வந்து, பிள்ளைகள் பிறந்து வளர்ந்து, அவர்களுக்கு அந்தச் சொல்லே சரியாகத் தெரியாமல் போனபிறகும், பெரியவர்களுடைய காது அதைக் கேட்கத் தயாராகவே இருக்கிறது. குரோருட்டிலிருந்து லோறென்ஸ்கூக் வரைக்கும் கதை ஓடியது. “பஸ் ஓட்டிக்கொண்டு சரித்திரம் கதைச்ச மனுசன், உள்ளுக்குள்ளை பார்த்தியளே” என்றார்கள். டென்மார்க் ராசாதான் காரணம் என்று நான் நாலு பேரிடம் சொன்னேன். நாலு பேரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். சம்பந்தி வீட்டுக்குப் போக மறுக்கிற ஒரு தகப்பன் விசித்திரமாக ஒரு காரணம் சொன்னால், அதற்குக் கீழே இன்னொன்று இருந்தே தீரும் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை.

பையனின் தகப்பன் என் கணவருக்குத் தொலைபேசி எடுத்தார். ஒலிபெருக்கியில் நானும் கேட்டேன். “நாங்கள் ஊரிலையே இந்த மரியாதைக் கேட்டைப் பார்த்துத்தான் வளர்ந்தனாங்கள். ஐரோப்பாவிலையும் என்ரை பிள்ளை இதைப் பார்க்கோணுமோ? வேண்டாம். இதோடை விடுவம்” என்றார். அந்தக் குரலில் கோபத்தைவிட நோவுதான் இருந்தது.

ஆரணி என் குசினிக்கு வந்து அடுப்படியில் இருந்து அழுதாள். எனக்கு அவர்மேல் வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. மேல்மாடிக்கு ஏறிப்போய், “அண்ணை, அவை என்ன நினைச்சிருக்கினம் தெரியுமோ?” என்று எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன்.

“சாதியோ? நானோ?” என்றார். பிறகு வீறாப்பு வந்துவிட்டது. “அப்பிடி நினைக்கிறவையிட்டை நான் ஏன் போய் விளங்கப்படுத்தோணும்? என்னைத் தெரிஞ்சவைக்குத் தெரியும்.” சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்தச் சனிக்கிழமையும் விளையாட வந்தார். வராமல் விட்டால் தோற்றதாக ஆகிவிடும் என்று நினைத்திருப்பார். பெரிதாகக் கேள்வி கேட்டு, துரும்பைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது கதவு திறந்தது. ஆரணி வேலை உடுப்போடு நின்றாள். கண் வீங்கியிருந்தது.

“அப்பா, உங்கட நூறு வருச றூல் எனக்குத் தெரியும். சின்னனிலை இஞ்சை இருந்து ஹோம்வேர்க் செய்யேக்கை கேட்டனான்.”

அவர் நிமிரவில்லை.

“டென்மார்க் சண்டை முடிஞ்சு இருநூறு வருசம் ஆச்சுது எண்டு நீங்கள்தானே சொல்லுவீங்கள்? அழுறதுக்கு ஆக்கள் இல்லை எண்டு? இப்ப என்னைப் பாருங்கோ அப்பா. நான் அழுறன். நான் உயிரோடைதான் இருக்கிறன்.”

சொல்லிவிட்டு அவள் போகவில்லை. அங்கேயே நின்றாள்.

அவர் கையிலிருந்த சீட்டுகளை ஒவ்வொன்றாக மேசையில் மலர்த்தி வைத்தார். முந்நூற்றிநாலில் அப்படிச் செய்தால் அந்த ஆட்டம் போய்விடும். கடைசியாகக் கவிழ்த்து வைத்திருந்த துரும்பையும் திருப்பினார். இஸ்கோப்பன் ஜாக். கையில் ஒன்பதும் இருந்தது. வெல்லுகிற கை. “தம்பி, நீங்கள் வெண்டிட்டீங்கள்” என்று சென்னைத் தம்பியிடம் சொன்னார். எழுந்து மகளிடம் போய், அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். “கப்பலுக்கு ரிக்கற் எடு பிள்ளை” என்றார்.

ஒஸ்லோ துறைமுகத்திலிருந்து பின்னேரத்தில் கோபன்ஹேகனுக்குப் புறப்படும் பெரிய கப்பலை அவர் அதுவரை கரையில் நின்று முறைத்துத்தான் பார்த்திருக்கிறார். அதில் அவரும் அக்காவும் ஆரணியும், துணைக்கு நானும் என் கணவரும் ஏறினோம். கப்பல் துறைமுகத்துப் பழைய கோட்டையைத் தாண்டும்போது மேல்தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்ன யோசனை என்று கேட்டேன்.

“இந்தத் திசைக்கு எத்தினை பேர் சமாதானம் கேட்டுப் போயிருப்பினம் எண்டு யோசிக்கிறன். ஒருத்தனாவது என்னை மாதிரிச் சம்பந்தி வீட்டுக்குப் போயிருப்பானோ தெரியாது.”

மறுநாள் கோபன்ஹேகனில் இறங்கி, ரயிலில் நெடுநேரம் போய்ச் சேர்ந்தோம். பையனின் தகப்பன் கதவைத் திறந்தார். வாங்கோ என்றார். அந்த வாங்கோவில் உயிர் இல்லை. சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர், இருக்கச் சொன்ன இடத்தில் இருக்கவில்லை. கூடத்தின் நடுவில் நின்றபடியே, “எனக்கு முதல் ஒரு செம்பு தண்ணி தாங்கோ” என்றார்.

பையனின் தாய் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் ஒரு மிடறு விடாமல் குடித்து முடித்துவிட்டு, செம்பை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். பையனின் தகப்பன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“உங்கட ஆக்கள் ஆர் எண்டு நான் கேக்கேல்லை. இனியும் கேக்கமாட்டன்” என்றார் அவர். “நான் வரமாட்டன் எண்டது உங்களோடை கோவிச்சில்லை. டென்மார்க் ராசாவோடை.”

“எந்த ராசா?”

“நோர்வேயை ஆண்டவை. அந்த நானூறு வருசத்திலை இருந்த எல்லாரும்.”

பையனின் தகப்பன் என்னையும் என் கணவரையும் மாறி மாறிப் பார்த்தார். “இது பகிடியோ?” என்று என்னிடம் கேட்டார். நான் என்ன சொல்லட்டும்? ஓம், இந்த மனுசன் இப்படித்தான் என்றேன். நம்பியதாகத் தெரியவில்லை. அப்போதுதான் அதுவரை வாய் திறக்காமல் இருந்த அக்கா பேசினார்.

“அண்ணை, நான் கலியாணம் செய்து இவ்வளவு வருசம். என்ரை வீட்டிலை அந்த நீல பிஸ்கட் டின் இல்லை. என்ரை நூலும் ஊசியும் இப்பவும் ஐஸ்கிரீம் பெட்டிக்குள்ளைதான் கிடக்குது. இதைவிட நான் என்னத்தைச் சொல்ல?”

பையனின் தாய் அக்காவை ஆழமாகப் பார்த்தார். ஒரு தமிழ்ப் பெண்ணின் வீட்டில் அந்த டின் இல்லையென்றால், காரணம் எவ்வளவு பைத்தியக்காரத்தனமாக இருந்தாலும் அது உண்மையாகத்தான் இருக்கவேண்டும் என்பது அவருக்கு உடனே பட்டுவிட்டது. உள்ளே போய்த் தன்னுடைய நீல டின்னைக் கொண்டுவந்து ஆரணியின் தகப்பன் முன்னால் வைத்து மூடியைத் திறந்தார். நூல், ஊசி, பொத்தான்.

“பயப்பிடாதேங்கோ அண்ணை. உள்ளுக்கை டென்மார்க் ஒண்டும் இல்லை” என்றார்.

முதலில் சிரித்தது பையனின் தகப்பன்தான். அடக்கி வைத்திருந்த நோவெல்லாம் சேர்ந்து சிரிப்பாக வெளியே வந்ததுபோலக் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். சாப்பாட்டுக்குப் பிறகு அவரே சீண்டவும் தொடங்கிவிட்டார்.

“அண்ணை, நீங்கள் மே பதினேழுக்குக் கை காட்டுற அந்த ராசகுடும்பம் ஆதியிலை எங்கட டென்மார்க்கிலையிருந்து வந்ததுதானே?”

“ஓம். ஆனால் அந்த இளவரசரைச் சனம் வாக்குப் போட்டுக் கூப்பிட்டது.”

“அப்ப என்ரை மகனை உங்கட மகள் கூப்பிடேல்லையோ?”

அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். ஆரணியும் பையனும் அந்தப் பக்கத்தில் இருந்து, அவள் நோர்வேஜிய மொழியிலும் அவன் டேனிஷ் மொழியிலுமாக ஏதோ குசுகுசுத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“கூப்பிட்டு வாறவையோடை எனக்கு ஒரு சண்டையும் இல்லை” என்றார். பிறகு, “சீட்டுக்கட்டு இருக்கோ?” என்று கேட்டார். இருந்தது.

கலியாணம் லோறென்ஸ்கூக்கில் ஒரு மண்டபத்தில் நடந்தது. கதை கட்டியவர்கள் எல்லோரும் வந்து வயிறு நிறையச் சாப்பிட்டார்கள். ஆரணி டென்மார்க்குக்குக் குடிபோனாள். ஒரு பேத்தி பிறந்தாள். அவர் ஓய்வு பெற்றதும், யார் நம்பினாலும் நம்பாவிட்டாலும், அக்காவையும் கூட்டிக்கொண்டு டென்மார்க்குக்கே போய்விட்டார். அங்கே மாடி முகப்பில் நோர்வேக் கொடி கட்டியிருக்கிறார் என்று கேள்வி.

போவதற்கு முந்தின சனிக்கிழமை கடைசியாக நிலக்கீழ் அறையில் கூடினோம். சீட்டைக் கலைத்துக்கொண்டே இருந்தார். கலைத்தது போதும் அண்ணை, போடுங்கோ என்றேன். அவர் போடவில்லை.

“தங்கச்சி, அந்த நூறு வருசக் கணக்கை நான் உங்களை நினைச்சுத்தான் வைச்சனான். உங்களுக்கு நோகப்படாது எண்டு. ஆனால் பிள்ளை வந்து நிண்டு அழுத அண்டைக்குத்தான் விளங்கினது, நான் உங்களை ஒரு வார்த்தை கேக்கேல்லை எண்டு. ராசாக்கள் மாதிரி நானும் கேக்காமல்தான் முடிவெடுத்திருக்கிறன்.”

அவர் சீட்டுக்கட்டை மேசையில் வைத்தார்.

“உங்கட தம்பிக்கு என்ன பேர்?” என்று கேட்டார்.

இத்தனை வருடத்தில் அந்த மேசையில் யாரும் கேட்டதில்லை. கேட்காமல் விட்டதற்கு நான் நன்றியோடு இருந்திருக்கிறேன். ஆனால் கேட்டபிறகுதான், யாராவது கேட்கமாட்டார்களா என்று நான் காத்திருந்ததும் எனக்குத் தெரிந்தது. என் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அரவிந்தன்” என்றேன்.

“அரவிந்தன்” என்று அவர் திருப்பிச் சொன்னார். உலகத்தை ஆண்ட ஒரு ராசாவின் பெயரைக்கூட வாயால் சொல்லாத மனிதர், என் தம்பியின் பெயரை எழுத்தெழுத்தாக நிறுத்திச் சொன்னார். சொல்லிவிட்டு, சீட்டுக்கட்டை என் பக்கம் தள்ளி வெட்டச் சொன்னார்.